ஐம்பது நாவலும் ஒரு பஸ் டிக்கெட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. மொரீஷியஸில் கியூர்பைப்பில் வீடு, போர்ட் லூயிஸில் கணக்கு வேலை, மெட்ரோவில் 40 நிமிடம். இந்த வருஷத்துக்குள் 50 கிளாசிக் நாவல்கள் படித்து முடிப்பதாக ஜனவரியில் ஒரு சபதம் எடுத்தேன். பாரிஸில் இருக்கும் அத்தை மகள் அனுப்பிய பட்டியலில் 38, அப்பா விட்டுப்போன அலமாரியிலிருந்து தமிழில் 12. இரண்டு பட்டியலும் இத்துடன். ஜூன் முடிகிறது, நாலுதான் முடித்திருக்கிறேன். நாலும் 200 பக்கத்துக்குள். ஐந்தாவது 'மிடில்மார்ச்', ஆங்கிலத்தில். 90ஆம் பக்கத்தில் ஆறு வாரமாக நிற்கிறது. தமிழ் என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) தேர்வு வரை படித்ததுதான், ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகிறது. 'பொன்னியின் செல்வ'னை எடுத்துப் பார்த்துப் பயந்து வைத்துவிட்டேன். அதிலும் மூன்றாம் பாகம் காணோம். எண்ணிக்கையைக் குறைக்கவா, விட்டுவிடவா? மொழிபெயர்ப்பில் படித்தால் கணக்கில் சேருமா? வீட்டுக்காரர் தினமும் "எத்தனை ஆச்சு?" என்று கேட்கிறார், எரிச்சலாக வருகிறது.
— ஒரு வாசகி, கியூர்பைப்

பதில்: தங்கச்சி, முதலில் வீட்டுக்காரர் விஷயத்தை முடித்துவிடுவோம். அடுத்த முறை "எத்தனை ஆச்சு?" என்றால், "எந்த அத்தியாயம்னு கேளுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 31 வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள். திரும்பி வரும் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்புமுன் ஒரு தரம் உதறிப் பார்ப்பது வழக்கம். உள்ளேயிருந்து என்னென்னவோ விழும். பஸ் டிக்கெட், லோட்டோ சீட்டு, தைப்பூசக் காவடி அறிவிப்பு. ஒரு தடவை தால்பூரி சுற்றிய தாளையே மடித்து அடையாளமாக வைத்திருந்தார் ஒருவர். எண்ணெய் முன்னால் நாலு பக்கம், பின்னால் நாலு பக்கம் ஊறிப்போய், அந்த இடத்தில் எழுத்து கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல் தெரிந்தது. இந்தச் சீட்டுகள் எந்தப் பக்கத்திலிருந்து விழுகின்றன என்று பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தடித்த நாவல் என்றால் பெரும்பாலும் 40க்கும் 100க்கும் நடுவில். விக்தோர் ஹியூகோவின் 'லே மிசேராப்ல்' முதல் தொகுதியை எத்தனையோ பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். டிக்கெட் எல்லாம் பிஷப் கதையிலேயே நிற்கும். கதாநாயகன் ழான் வால்ழான் ஊருக்குள் காலெடுத்து வைக்குமுன் ஒரு நல்ல பிஷப்பைப் பற்றி 14 அத்தியாயம் எழுதுகிறார் ஹியூகோ. அதைத் தாண்டிப் போனவர்களை இரண்டாம் பாகத்து வாட்டர்லூ யுத்தம் மடக்கிவிடும். அது 19 அத்தியாயம்.

அதனால் 90ஆம் பக்கத்தில் நிற்பது நீங்கள் மட்டும் இல்லை. அங்கே ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

இனி 'மிடில்மார்ச்'. ஜார்ஜ் எலியட்டின் அந்த நாவல் 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை எட்டுத் தனித்தனிப் பகுதிகளாக வெளிவந்தது. முதல் பகுதியை வாங்கியவர் அடுத்ததற்கு இரண்டு மாதம் காத்திருந்தார். கடைசியில்தான் மாதம் ஒன்றாக வந்தது. அதை முதலில் படித்தவர்களுக்கே ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. 50 புத்தகத்தை 52 வாரத்துக்குள் அடைக்கப் பார்த்தால் அதற்கு உங்களால் கொடுக்க முடிவது ஒரே ஒரு வாரம். ஒரு வருஷச் சாப்பாட்டை ஒரு வாரத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டு வயிறு சரியில்லை என்கிறீர்கள்.

இது ஒரு நாவலின் கதை மட்டும் இல்லை. டிக்கன்ஸ் 'டேவிட் காப்பர்ஃபீல்'டை 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதம் 32 பக்கமாக விட்டார், ஒரு பகுதி ஒரு ஷில்லிங். அலெக்சாந்தர் துமாவின் 'மோந்த கிறிஸ்தோ' 1844லிருந்து 1846 வரை ஒரு பாரிஸ் நாளிதழில் வந்தது. 'குற்றமும் தண்டனையும்' 1866 முழுக்க மாதப் பத்திரிகையில் வந்தது. நம் பக்கம் பாருங்கள், ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்ததுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி'யில் தொடங்கி 1954 மே மாதம்தான் முடிந்தது. மூன்றரை வருஷம்! அதற்குள் கல்யாணமாகிப் போனவர்களும், பிள்ளை பெற்றுக்கொண்டவர்களும், முடிவு தெரியாமலே கண்ணை மூடியவர்களும் இருந்திருப்பார்கள். தவணையில் படிப்பதற்கென்றே தயாரித்த பண்டத்தைத் தடித்த அட்டை போட்டு ஒரே செங்கல்லாக்கி நம் கையில் கொடுத்துவிட்டார்கள். நாமும் செங்கல்லைப் பார்த்தே பயப்படுகிறோம்.

எல்லா கிளாசிக்கும் தொடர்கதை இல்லை, அது எனக்கும் தெரியும். 'வதரிங் ஹைட்ஸ்' முழுப் புத்தகமாகத்தான் வந்தது. அப்படிப்பட்டவற்றை மூன்று நாளில் ஒரே மூச்சாகப் படித்தால்தான் ருசி. ஆனால் உங்களைப் பயமுறுத்தும் தடியன்கள் பெரும்பாலும் தவணைக்காரர்கள்தான்.

இப்போது கணக்கு. நீங்கள் கணக்கர், தவறு இருந்தால் திருத்துங்கள். கியூர்பைப்பிலிருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில் 40 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும். மாலையில் நிற்க வேண்டியிருக்கும், அதைச் சேர்க்க வேண்டாம். அந்த ஒரு 40 நிமிடத்தில் பிரெஞ்சோ ஆங்கிலமோ 25 பக்கம் போகும். வாரத்துக்கு ஐந்து நாள், 125 பக்கம். வருஷத்துக்கு 6,500. ஐம்பது நாவலுக்குச் சராசரி 400 பக்கம் என்று வைத்தால் 20,000. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. தமிழ்ப் புத்தகங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சபதத்தில் 50 என்பது தவறில்லை தங்கச்சி, 'ஒரு வருஷம்' என்பதுதான் தவறு. அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஐம்பது இருக்கட்டும்.

புத்தகத்தை எண்ணினால் இன்னொரு கெடுதலும் உண்டு, அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முடித்த நாலும் 200 பக்கத்துக்குள்! எண்ணிக்கை துரத்தும்போது கை தானாக ஒல்லிப் புத்தகத்தைத்தான் தேடும். தடித்தது எதிரியாகிவிடும். நானும் இதில் விழுந்து எழுந்தவள். 28 வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிது, பிரெஞ்சு நாவல் அலமாரியை அகர வரிசையில் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிடுவது என்று ஒரு வீறாப்பு. 'ஏ' சுலபமாக முடிந்தது. 'பி'யில் பால்சாக் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் ஒரே வரிசையாகச் சேர்த்த கதைகளும் நாவல்களும் மட்டும் ஏறக்குறைய 90. எட்டு மாதம் கழித்தும் நான் பால்சாக்கிலேயே இருந்தேன், யாரைப் பார்த்தாலும் கடன், வட்டி, சீதனம் என்று பேச ஆரம்பித்திருந்தேன். 'சி'யைப் பார்க்காமலே சபதம் செத்துப்போனது.

அதற்கு அப்புறம் நான் எண்ணுவது உட்கார்ந்த தடவைகளைத்தான். ஒரு நீளத்துண்டுத் தாள், நான்கு விரல் அகலம், அதுவே புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டு. முன்பக்கம் ஒவ்வொரு தடவை படித்ததும் தேதியும் அத்தியாய எண்ணும். பின்பக்கம் ஆட்களின் பெயர். இந்தப் பின்பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ரஷ்ய நாவலை நடுவில் விடுகிறவர்களில் பாதிப் பேர் கதை பிடிக்காமல் விடுவதில்லை, யார் யாரென்று தெரியாமல் விடுகிறார்கள். ஒரே ஆள் ஒரு இடத்தில் அப்பா பெயரோடு வருவார், ஒரு இடத்தில் குடும்பப் பெயரோடு, இன்னொரு இடத்தில் செல்லப் பெயரோடு. நமக்கு இது புதிதா என்ன? பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு சுப்பிரமணியன், வீட்டில் சுப்பு, கூட்டாளிகளுக்கு மணி. மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைத்துவிட்டால் தீர்ந்தது.

'மிடில்மார்ச்'சை இப்போது மறுபடி எடுங்கள். ஆனால் எட்டுப் பகுதி என்ற பிரிப்பு உங்கள் பிரதியிலும் இருக்கும், பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பகுதி போதும். அந்த இடைவெளியில் வேறு புத்தகம் படியுங்கள். இன்னொரு விஷயம், 90ஆம் பக்கம் என்றால் நீங்கள் அநேகமாகக் கசாபனோடு மாட்டிக்கொண்டிருப்பீர்கள். உலகத்துப் புராணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே திறவுகோல் எழுதப்போகிறேன் என்று காலமெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவர். படித்துத் தீர்க்க வேண்டிய பட்டியல் அவருக்கும் முடிவதே இல்லை. 45 தாண்டியவர் என்றதும் அந்த ஊரே அவரைக் கிழவராக்கிவிடுகிறது. நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் படிக்க என்ன? அத்தை மகளின் பட்டியலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பாரிஸில் உட்கார்ந்து போட்ட பட்டியல். நம் தீவில் நடக்கும் கிளாசிக் ஒன்றுகூட அதில் இல்லை. கியூர்பைப் நகர மண்டபத்தைத் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்பீர்கள், பால் விர்ஜினியைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கும் சிலை அங்கே நிற்கிறதே! பெர்னார்தன் த சேன் பியேர் 1768லிருந்து 1770 வரை இங்கே இருந்துவிட்டுப் போய், 1788இல் வெளியிட்டதுதான் 'பால் எ விர்ஜினி'. கடைசியில் வரும் கப்பல் நிஜக் கப்பல். சேன் ழெரான், 1744 ஆகஸ்டில் வடகிழக்குக் கரையோரப் பாறையில் மோதி உடைந்தது. மெல்லிய புத்தகம். கண்ணீர் கொஞ்சம் அதிகமாகவே ஓடும், இந்தக் காலத்துக்குச் சற்றுத் தித்திப்பு தூக்கல். அடிமைகளைப் பற்றி ஆசிரியர் எங்கே இரங்குகிறார், எங்கே சும்மா கடந்துபோகிறார் என்று கவனித்துப் படியுங்கள். தித்திப்பு அடங்கிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அலெக்சாந்தர் துமா 1843இல் எழுதிய 'ழோர்ழ்'. 'மோந்த கிறிஸ்தோ'வுக்கு முந்தைய வருஷம். 1810இல் இங்கிலீஷ்காரன் இந்தத் தீவைப் பிடிக்கும் சண்டையில் கதை ஆரம்பிக்கிறது. கலப்பினத்துப் பையன் ஒருவன், அவமானப்பட்டு ஐரோப்பாவுக்குப் போய், எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறான், வெள்ளைக்காரத் துரைமார்களின் திமிரை அடக்க. துமாவின் பாட்டியே ஒரு அடிமைப் பெண். அந்தக் கோபம் புத்தகத்துக்குள் இருக்கிறது. போர்ட் லூயிஸுக்குள் மெட்ரோ நுழையும் நேரத்தில் போர்ட் லூயிஸ் தெருவைப் பற்றிப் படிக்கும் சுகத்தை எந்தப் பட்டியலும் தராது.

மொழிபெயர்ப்பு கணக்கில் சேருமா என்று கேட்டீர்கள். சேரும். டால்ஸ்டாயை நானும் நீங்களும் ரஷ்ய மொழியிலா படிக்கப்போகிறோம்? 'போரும் வாழ்வும்' என்று டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் கொடுத்திருக்கிறார். அந்த நாவல் மொத்தம் 361 அத்தியாயம், பெரும்பாலும் சின்னச் சின்னவை. நாளுக்கு ஒன்று என்றால் வருஷம் முடியும்போது அதுவும் முடியும். ஆனால் பிரெஞ்சில் எழுதியதைப் பிரெஞ்சிலேயே படியுங்கள். நாம் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக் கற்ற மொழி, அதற்கு வட்டி வசூலிக்க இதுதான் வழி. சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். அட்டையைத் திறந்ததும் 'சுருக்கம்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சலிப்பான அத்தியாயத்தை நீங்களே தாண்டிப் போகலாம், வாட்டர்லூவை நானே முதல் தடவை தாண்டினேன். இன்னொருவர் நமக்காக வெட்டிவைத்தால் எது போனது என்றே தெரியாமல் போகும்.

இனித் தமிழ். உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு தங்கிய இடம் இதுதான். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. நோட்டைத் தவிர வேறெங்கும் தமிழ் எழுத்தைப் பார்க்காத நாள்கள் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி இருக்க ஒரு பக்கம் ஆறு நிமிடம் என்பது வெட்கப்படும் வேகமே இல்லை. உங்கள் கண்தான் மெதுவாகப் போகிறது. கோவிலிலும் படத்திலும் பாட்டிலும் கேட்டுக் கேட்டுக் காதுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதனால் காதைத் துணைக்குக் கூப்பிடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், மெட்ரோவில் இல்லை, வீட்டில். 'பொன்னியின் செல்வ'னை முழுக்க ஒலிவடிவில் வாசித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு காதில் அதை ஓடவிட்டு விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்தில் விரல் தேவைப்படாது. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டாதீர்கள். பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். அதே சொல் மூன்றாவது தடவை வந்தால் பாருங்கள். அதற்குள் புரவி என்றால் குதிரை என்று குதிரையே சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்பாவின் பன்னிரண்டில் முதலில் எடுக்க வேண்டியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஒல்லிப் புத்தகம், ஆனால் இந்தத் தடவை ஒல்லி என்பதற்காக இல்லை. வாக்கியம் சின்னது, சொல் எளியது, தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு சென்னைத் தெரு. வறட்சி வந்தால் குழாயில் மணி பார்த்துத் தண்ணீர் விடும் ஊரில் இருக்கும் நமக்கு அந்தக் குடமும் வாளியும் விளக்கம் இல்லாமலே புரியும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை இப்போது தொடாதீர்கள். எனக்கு உயிரான புத்தகம் அது, ஆனால் கரிசல் காட்டுப் பேச்சு உங்களை முதல் பத்துப் பக்கத்தில் கீழே தள்ளிவிடும், அப்புறம் அதன்மேல் வீண் பகை. அடுத்த வருஷம் பார்க்கலாம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் அலமாரியில் இருக்கிறது என்றீர்கள். கடல் கடந்த தமிழர்களின் யுத்தகாலக் கதை. அதுவும் எளிதில்லை, ஆனால் கடைசி வரை வைத்திருந்து படியுங்கள், உங்களுக்கென்று எழுதியதுபோல் இருக்கும்.

பிடிக்காத புத்தகத்தை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். விடலாம். சலிப்பு வந்த அன்றே விடாதீர்கள். தொடர்ந்து மூன்று தடவை உட்கார்ந்தும், அடுத்து என்ன ஆகும் என்ற நினைப்பே வரவில்லை என்றால் சீட்டில் தேதி போட்டு உள்ளேயே வைத்து அலமாரிக்கு அனுப்புங்கள். பாதி படித்தது பாதிக் கணக்கு. கணக்கருக்கு அரை எழுதத் தெரியாதா?

கடைசியாகக் காணாமல் போன மூன்றாம் பாகம். அதன் பெயரே 'கொலை வாள்'. யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத வாள்! சென்னைக்குப் போகும் யாருடைய பெட்டியிலாவது இடம் கேட்டு வாங்கிவரச் சொல்லலாம். அதுவரை அவசரமில்லை, மதுரைத் திட்டம் என்று 1998இல் தொடங்கிய இணைய நூலகத்தில் கல்கியின் நாவல் இலவசமாகவே இருக்கிறது, தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். அப்பாவின் பிரதி அச்சுப் புத்தகமா, பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்து பைண்ட் செய்ததா என்று நீங்கள் எழுதவில்லை. போய்ப் பாருங்கள். விளம்பரமும் மணியம் வரைந்த படங்களும் உள்ளே இருந்தால் அது பைண்ட் பிரதி. அதை மட்டும் யாருக்கும் இரவல் தராதீர்கள், எனக்கும்தான்.

அந்தக் கதை ஒரு ஆடிப் பெருக்கன்று, ஒரு ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறது. இந்த ஆடி 18க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் 'தண்ணீர்' முடிந்துவிடும். ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். நாளுக்கு ஒன்று என்றால் அடுத்த மே மாதம் 20 தாண்டி முடியும். முதல் இரண்டு மாதம் பாதிப் பாதியாகப் படித்தால் ஜூன் கடைசி ஆகும். ஆகட்டும். மூன்றரை வருஷம் காத்திருந்தவர்களைவிட நீங்கள் வேகம்தான்.